டேப்பு பாயும் எழுபத்தொரு மீட்டர் குகையும்

தென்காசி வட்டாரத்தில் சொந்த அடுப்பங்கரையைக் குகை என்று கம்ப்யூட்டரை நம்பவைத்த ஒரே மனிதர் எங்கள் டேப்பு பாய்தான். இதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் நீங்கள் பாயைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பாஸ்போர்ட்டுக்கு வெளியே அது புழக்கத்தில் இல்லை. கழுத்தில் எந்நேரமும் முப்பது மீட்டர் டேப்பு ஒன்று தொங்கும் என்பதால் டேப்பு பாய். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் அவரைத் தையல்காரர் என்று நினைத்து ஜாக்கெட் துணியை நீட்டியிருக்கிறார். "நான் துணிக்கு அளக்குததில்லம்மா, மலைக்குத்தான்" என்று பாய் பணிவாகச் சொல்ல, அந்த அம்மாள் துணியைச் சுருட்டிக்கொண்டு வேகமாக நடந்ததை நானே பார்த்தேன்.

பாய் இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் வண்டி ஓட்டியவர். லீவு நாட்களில் நாலைந்து வெள்ளைக்காரர்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர்கள் ஒரு பொந்துக்குள் நுழைந்து சாயங்காலம் சகதியும் சந்தோஷமுமாக வெளியே வருவார்கள். அதுவரை பாய்க்கு ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்குகிற வேலை. ஒரு நாள் அவர்களில் டேப்பு பிடிக்கிற ஆளுக்கு வயிறு சரியில்லை. பாயைத் தட்டி எழுப்பி, கையில் டேப்பு நுனியைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். மனிதர் அன்றோடு கெட்டார். அப்புறம் எந்த லீவு நாளிலும் அவர் தூங்கவில்லை.

ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள் செண்ட் பாட்டிலும் கம்பளியும் கொண்டுவருவார்கள். பாய் கொண்டுவந்தது ஒரு டேப்பு, ஒரு திசைகாட்டி, சரிவு பார்க்கிற ஒரு சின்னக் கருவி, அப்புறம் ஒரு பழைய லேப்டாப். லேப்டாப்பில்தான் சூட்சுமம். குகைக்கென்றே ஒரு சாப்ட்வேரை வெள்ளைக்காரர்கள் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். குகைக்குள் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடம் எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று மூன்று எண்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் போதும். கறுப்புத் திரையில் கோடு கோடாகக் குகை எழுந்து நிற்கும். பட்டனைத் தட்டினால் சுற்றும், கவிழும், மல்லாக்கப் படுக்கும்.

நான் அப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். ஒரு மத்தியானம் பாய் வந்து லேப்டாப்பை என் முன்னால் திறந்து வைத்தார்.

"தம்பி, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"நூல்கண்ட அவுத்துப் போட்ட மாதிரி இருக்கு பாய்."

"ஏலே, மஸ்கட் மலைக்குள்ள இருக்க ஓட்டைலே இது!"

"ஓட்டைய எங்க காணோம்? கோடுதான இருக்கு?"

"ஓட்டைன்னா வெறும் காத்துதான? காத்த எப்படி வரைய? அது போற பாதைய வரஞ்சிருக்கு."

அன்றிலிருந்து நான் அவருடைய சிஷ்யன் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

குகைக்குள் ஒருவர் அளவைச் சொன்னால், எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டுமாம். பாய் இந்தச் சட்டத்தை வெளியுலகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். டீக்கடையில், "மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மி" என்பார். மாஸ்டர் தலையாட்டினால் செல்லாது.

"திருப்பிச் சொல்லும்வே."

"ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மி."

"ஆங், இப்பப் போடும்."

இன்னொரு சட்டம், எதையும் இரண்டு பக்கமிருந்தும் அளக்க வேண்டும் என்பது. யாரிடமாவது வழி கேட்டால், போகிற வழியைக் கேட்டுக்கொண்டு, "சரி, இப்ப அங்க இருந்து இங்கன எப்படி வரணும்னு சொல்லுங்க" என்பார். சொல்கிறவர் இடதையும் வலதையும் ஒழுங்காக மாற்றிச் சொல்லவில்லை என்றால் அந்த வழியில் போகவே மாட்டார். கீழப்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, வழி சொன்ன மூன்று பேரும் இந்தப் பரீட்சையில் தோற்றதால் பாதியிலேயே திரும்பி வந்தவர் அவர்.

சாப்ட்வேர் இருக்கிறது, கருவி இருக்கிறது, குகைக்கு எங்கே போவது? பாய் தன் வீட்டையே குகையாகப் பாவித்தார். அவர் வீடு முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வாசலில் ஆரம்பித்து அடுப்பங்கரை வரை அளந்து எண்களை ஏற்றினார். சாப்ட்வேர் வீட்டை வரைந்து காட்டியது. அடுப்பங்கரை பக்கத்து வீட்டுக்குள் இருந்தது.

பக்கத்து வீட்டு மைதீன் பாய் வந்து பார்த்துவிட்டு, "அப்ப இன்னைக்கு அங்க கொதிக்குத கறி எனக்குத்தான?" என்றார்.

நடுவீட்டில் இருந்த இரும்பு பீரோ திசைகாட்டியின் முள்ளை இழுத்ததுதான் காரணம். இரும்பு இருந்தால் அளவு கெட்டுவிடும். எனவே பீரோ, கட்டில், தையல் மெஷின், சிலிண்டர் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கு வந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம், "வீட்டக் காலி பண்ணுதியளா?" என்று விசாரித்தார்கள். பாயின் மனைவி சபுரா அக்கா பீரோவுக்குக் காவலாக வெயிலில் நின்றபடி, "இல்ல, என்னையத்தான் காலி பண்ணுதாரு" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த முறை அடுப்பங்கரை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பாய்க்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று கடைக்கு வந்து, தன் பாஸ்போர்ட் போட்டோவையும் பெயரையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் அன்று லீவு. வேலை கடையின் இன்னொரு டிசைனரான முருகேசன் கைக்குப் போனது.

முருகேசன் பத்து வருஷமாக மூன்று வகை பிளக்ஸ்தான் அடித்திருக்கிறான்: கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி. கறுப்புப் பின்னணி, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, கீழே சிரிக்காத ஒரு பாஸ்போர்ட் போட்டோ. அவன் வேறு எப்படி நினைப்பான்? படத்தை இடத்துக்குத் தக்கபடி இழுத்துவிட்டு, மேலே "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு, நாலு மூலையிலும் அணைகிற மெழுகுவர்த்தி வைத்து, நல்ல மனதோடு அவனே கொண்டுபோய்த் தெருமுனையில் கட்டிவிட்டும் வந்துவிட்டான்.

காலை ஏழு மணிக்கெல்லாம் பாய் வீட்டு வாசலில் கூட்டம். மைதீன் பாய் தலையில் தொப்பியோடு வந்து கதவைத் தட்டி, கதவைத் திறந்த பாயிடமே, "எப்ப மவுத்தானாரு? ஜனாஸா எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிட்டார். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது பிளக்ஸுக்கு முன்னால் தலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க பாய். உயிரோட இருக்கவர..."

"அது கெடக்கட்டும்லே! ஸ்கேல இழுத்துட்டானே பாவி! எட்டு மீட்டர் நடுவீடு பதினாறு மீட்டர் மாதிரில்லா தெரியுது!"

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். யாரோ அந்த பிளக்ஸை வாட்ஸப்பில் போட, அது மஸ்கட்டில் இருக்கும் சபுரா அக்காவின் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அழுதுகொண்டே போன் செய்தார். "மவுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல, இங்கன உக்காந்து பரோட்டா திங்குதாரு" என்று அக்கா சொன்னதும் அழுகை கோபமாக மாறியது. வேலையில்லாமல் ஊரில் இருந்தால் இப்படித்தான் ஆகும், தனக்குத் தெரிந்த இடத்தில் டிரைவர் விசா ஒன்று இருக்கிறது, சாரல் சீசன் முடிவதற்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்றார்.

பாய்க்குப் போக மனமில்லை. ஒரு நாள் கடையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் லீவு. கூட்டிப் பாத்தா, கல்யாணம் ஆனதுல இருந்து நான் இவகூட இருந்தது ரெண்டு வருசம்கூட வரல தம்பி." எதையும் அளந்து பார்க்கிற மனிதர் இதையும் அளந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சபுரா அக்காவுக்கும் அவரை அனுப்ப ஆசையில்லை. ஆனால் வாய் வேறு சொன்னது. "போவச் சொல்லல. இங்கன உருப்படியா ஒரு சோலி காட்டுங்க. மவன் காலேஜ முடிக்கணும்லா? அடுப்பங்கரைய அளந்தா அடுப்பு எரியுமா?"

அந்த நேரத்தில்தான் குற்றாலத்திலிருந்து எஸ்டேட் அண்ணாச்சி வந்தார். லாட்ஜும் மலைமேல் மங்குஸ்தான் தோப்பும் உள்ளவர். "அந்தச் செத்துப்போன குகை ஆளு வீடு எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவர் தோப்புக்குள் ஒரு குகை இருக்கிறதாம். மூன்று கிலோமீட்டர் போகுமாம். இந்தப் பக்கம் விட்ட ஆடு கேரளப் பக்கம் ஆரியங்காவில் வெளியே வந்ததாம். சீசனுக்கு வருகிற கூட்டத்துக்கு அதைக் காட்டலாம், வாசலில் பெரிதாக வரைபடம் வைக்கலாம், படம் நன்றாக அமைந்தால் பாயே அங்கே மேனேஜராக இருந்துகொள்ளலாம் என்றார்.

பாய் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். மறுவாரமே போனோம். பாய், நான், டேப்பு நுனியைப் பிடிக்கத் தோட்டக் காவலாளி மாடசாமி. குகை வாசலில் பாய் எங்களைச் சோதனை போட்டார். என் பெல்ட், சாவி, வாட்ச், குடை, மாடசாமி இடுப்பில் சொருகியிருந்த அரிவாள் எல்லாம் தூரத்துப் பாறைக்குப் போயின. "செல்போனையும் வையி" என்றார். வைக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். முதலாளி கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் திட்டுவார். மலைக்குள் சிக்னலே கிடைக்காது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

உள்ளே குனிந்தும் தவழ்ந்தும் போனோம். மாடசாமி முன்னால் டார்ச்சோடு நிற்க, பாய் எண்களைச் சொல்ல, நான் அவர் தோளோடு ஒட்டி நின்று திருப்பிச் சொல்லி எழுதினேன். ஓரிடத்தில் குகை இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. பாய்க்குக் குஷி. "லூப்புலே! சுத்தி வந்து சேருத பாதை. நம்ம அளவு சரியான்னு இதுதான் காட்டிக் குடுக்கும்." வௌவால் கூட்டம் ஒன்று முகத்தில் அடித்துக்கொண்டு பறந்ததும் மாடசாமி மட்டும், இனி தன்னை இந்தப் பக்கம் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கடையில் எண்களை ஏற்றினோம். சுற்றி வந்த பாதை, ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேரவில்லை. நாலு மீட்டர் தள்ளி அந்தரத்தில் நின்றது. சாப்ட்வேரில் இதற்கு வசதி உண்டு. தப்பை எல்லா அளவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டுப் பாதையை மூடிவிடும். பாய் சம்மதிக்கவில்லை.

"தப்புப் பண்ணுனது ஒரு எடத்துல. தண்டனை எல்லா எடத்துக்குமா? ஆளக் கண்டுபிடிக்கணும்."

மூன்று நாள் ஆள் தேடினார். என் கையெழுத்தைச் சந்தேகப்பட்டார். மாடசாமியின் வெண்டயக் காப்பைச் சந்தேகப்பட்டார். நாலாம் நாள் காலை, என் மேஜையில் திசைகாட்டியை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் முள்ளும் என்னோடு வந்தது. திரும்பி வந்தால் அதுவும் திரும்பியது.

"ஏலே... ஊசி வடக்கப் பாக்காம ஒன் சட்டப்பையப் பாக்குதே."

என் செல்போன் கவரில், மூடியவுடன் டப்பென்று ஒட்டிக்கொள்ள ஒரு காந்தம் உண்டு. அந்தக் காந்தத்தோடுதான் இடுக்கில் அவர் தோளை ஒட்டி நின்றிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாய் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "நாளைக்கு அண்ணாச்சி படம் வேணும்னாரு தம்பி. மாடசாமி வர மாட்டாரு, ஒன்னைய நம்பி உள்ள கூட்டிட்டுப் போவ முடியாது" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த சபுரா அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"உள்ள என்ன செய்யணும்?"

"நுனியப் பிடிக்கணும். நம்பரத் திருப்பிச் சொல்லி எழுதணும்."

"அவ்வளவுதான? இருவத்தி ரெண்டு வருசமா போன்ல அதத்தான செய்யுதேன். 'கேக்குதா? என்ன சொன்னீங்க? பதினஞ்சாந் தேதியா?' வாங்க போவோம்."

அன்றே பஸ் பிடித்தோம். குகை வாசலில் அக்கா முக்காட்டிலிருந்தும் சேலையிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தன. பதினொன்று. எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் கொட்டினார். என்னை இரும்போடு இரும்பாக அம்பதடி தள்ளி ஒரு பாறையில் உட்கார வைத்தார்கள். சாரல் அடித்தது. குடையை விரித்து ஊக்குகளுக்குப் பிடித்தேன்.

உள்ளிருந்து சத்தம் வந்தது. "ஆறு புள்ளி நாலு." "ஆறு புள்ளி நாலு." "நூத்தி முப்பத்தி ரெண்டு." "நூத்தி முப்பத்தி ரெண்டு." நேரம் ஆக ஆகச் சத்தம் தேய்ந்து உள்ளே போனது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே ஓடலாமா என்று நினைக்கும்போது அக்காவின் சிரிப்பு கேட்டது. சத்தமான சிரிப்பு. அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் எண்களை ஏற்றினோம். சுற்றி வந்த பாதை, ஆரம்பித்த இடத்துக்குக் கட்டைவிரல் நீள வித்தியாசத்தில் வந்து சேர்ந்தது. மொத்த நீளம் எழுபத்தொரு மீட்டர். படத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அண்ணாச்சியின் லாட்ஜுக்குப் போனோம்.

"என்னவே பாய், ஊரே மூணு கிலோமீட்டர்ங்குது, நீரு எழுபத்தொரு மீட்டர்ங்கீரு?"

"அதுக்கு மேல பாறைதான் அண்ணாச்சி."

"அப்ப ஆரியங்காவுல வந்த ஆடு?"

"அந்த ஆட்டக் கூட்டிட்டு வாங்க, அதுகிட்ட ஒரு அளவு வாங்கிக்கிடுவோம்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர்லதான கெடக்கு? கொஞ்சம் இழுத்து விடும்வே. நாளைக்கே வந்து மேனேஜர் நாற்காலில உக்காரும்."

நான் பாயைப் பார்த்தேன். ஒரு பட்டன். தட்டினால் மஸ்கட் இல்லை. சபுரா அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்கலாம் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லாது" என்றார் பாய். "ஆனா இந்தப் படத்த நம்பி உள்ள போறவன் லைட்டு அணஞ்சு உக்காந்திருப்பான்னு வைங்க. அந்தப் பக்கம் இன்னும் வழி இருக்குன்னு அவனுக்குச் சொல்லலாமா?"

அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பி யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தென்காசி வந்ததும் பாய், "டிராவல்ஸ்ல பாஸ்போர்ட்ட என்னைக்குக் குடுக்கணும்னு கேளு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

வீட்டுக்குள் போனதும் அக்கா தம்பிக்குப் போன் போட்டார். முக்காடு கலைந்தபடியே நின்றுகொண்டு பேசினார்.

"அந்த விசாவ வேற யாருக்காவது குடுத்துரு... இல்ல, சோலி கெடைக்கல... தெரிஞ்சுதான் சொல்லுதேன்... அரக்கஞ்சி குடிச்சுக்கிடுவோம்... ஏன்னா, நேத்து அந்தக் குகைப் புடவுக்குள்ள போனேன். அவரு நம்பரு சொன்னாரு, நான் திருப்பிச் சொன்னேன். சொல்லிட்டு லைட்டத் தூக்குனா மொகம் எதுக்க இருக்கு. போன்லயே போன இத்தன வருசத்துல, அவரு பேசி முடிச்ச ஒடனே மொகத்தப் பாத்தது அப்பதான். நீ வையி."

பாய் பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது பாய் இலத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். லீவு நாட்களில் அவரும் அக்காவும் மலைப்பக்கம் ஏதாவது பொந்து தேடிப் போகிறார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்ற அந்தப் படத்தை, ஸ்கேலை இம்மியும் இழுக்காமல் நானே அச்சடித்துக் கொடுத்தேன். கீழே என்ன போட வேண்டும் என்று பாய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்திருந்தார். அளந்தவர்கள் என்று அவர் பெயரும் சபுரா அக்கா பெயரும். அதற்கடுத்த வரியில், "மழையில் வெளியே இருந்து இரும்புச் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர்" என்று என் பெயர். காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதன் பிறகு சென்னைக்கு வந்தேன், எழுத ஆரம்பித்தேன், என் பெயர் பல பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆனாலும் ஊருக்குப் போனால் நான் முதலில் போய் நிற்பது பாய் வீட்டு முன்னறையில், அந்தப் படம் மாட்டியிருக்கிற சுவருக்கு எதிரில்தான்.